3,894 ரூபாய்க்கு ஒரு வைஃபை கார்டு

ஒரு பழைய டெஸ்க்டாப்புக்குள் வைஃபை கார்டு பொருத்த எனக்கு ஆன மொத்தச் செலவு 3,894 ரூபாய். பில்கள் நான்கு. கார்டை மதர்போர்டின் ஸ்லாட்டில் செருக உதவும் அடாப்டர் பலகை, இரண்டு ஆன்டெனா, உட்கம்பிகள் சேர்த்து 826 ரூபாய். இன்டெல் ஏஎக்ஸ்201 கார்டு 1,180 ரூபாய். இன்டெல் ஏஎக்ஸ்200 கார்டு 1,416 ரூபாய். காந்த அடியும் 1 மீட்டர் கம்பியும் கொண்ட மேசை ஆன்டெனா 472 ரூபாய். வரிக்கு முந்தைய விலை 3,300 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி 594 ரூபாய். ஒரு கணினிக்கு இரண்டு கார்டு எதற்கு என்ற கேள்விக்கான விடை 1,180 ரூபாய் பெறும். அது பின்னால் வருகிறது.

கணினி 2012இல் வாங்கியது. மதர்போர்டில் இருப்பது 2011இல் வெளிவந்த இன்டெல் எச்61 சிப்செட். தமிழ்நாட்டில் சிஸ்டம் அசெம்பிள் செய்யும் கடைகளில் ஒரு காலத்தில் இது வழக்கமான சரக்கு. அதன் இருப்புப் பட்டியல்: யுஎஸ்பி 2.0 போர்ட்டுகள் 10, சாட்டா இணைப்புகள் 4, இரண்டாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதைகள் 6. யுஎஸ்பி 3.0 பூஜ்யம். வைஃபையும் பூஜ்யம். புது வாடகை வீட்டில் ரவுட்டர் முன் ஹாலில். கணினி பின் அறையில். நேர்க்கோட்டுத் தொலைவு 12 மீட்டர். நடுவில் இரண்டு சுவர்கள்: ஒன்று 9 அங்குலம், மற்றது 4.5 அங்குலம்.

முதலில் போட்ட கணக்கு கேபிளுக்கு. சுவரோரமாகச் சுற்றி வர 18 மீட்டர் கேட்6 கேபிள், மீட்டர் 24 ரூபாய் வீதம் 432 ரூபாய். இரு முனைக்கும் கனெக்டர் 30 ரூபாய். ஆள் கூலி 500 ரூபாய். மொத்தம் 962 ரூபாய். ஜிகாபிட் ஈதர்நெட்டில் ஒவ்வொரு சட்டகமும் கம்பியில் 1,538 பைட் இடம் பிடிக்கிறது. அதில் பயனுள்ள தரவு 1,460 பைட். விகிதம் 94.9 சதவீதம். அதாவது விநாடிக்கு 1,000 மெகாபிட்டில் (இனி எம்பிபிஎஸ்) 949 கைக்கு வரும். 962 ரூபாய்க்கு 949 எம்பிபிஎஸ் என்றால் ஏறத்தாழ ரூபாய்க்கு ஒரு எம்பிபிஎஸ். இந்தக் கட்டுரையில் இனி வரும் எந்த எண்ணும் இதை வெல்லப் போவதில்லை. ஆனால் 9 அங்குலச் சுவரில் துளை போட வீட்டு ஓனர் சம்மதிக்கவில்லை. கணக்கு அதோடு முடிந்தது.

அடுத்த வழி யுஎஸ்பி டாங்கிள். செருகினால் போதும், கேபினெட்டைத் திறக்க வேண்டாம். என் போர்டில் இருப்பது யுஎஸ்பி 2.0 மட்டும்; அதன் பெயரளவு வேகம் 480 எம்பிபிஎஸ். விநாடிக்கு 8,000 நுண்சட்டகம், ஒரு நுண்சட்டகத்தில் அதிகபட்சம் 13 பொட்டலம், பொட்டலத்துக்கு 512 பைட்: பெருக்கினால் விநாடிக்கு 5,32,48,000 பைட், அதாவது 426 எம்பிபிஎஸ். டாங்கிள் பெட்டியில் 867 என்று அச்சிட்டிருந்தாலும் இந்த வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடியது அதில் 49 சதவீதம். யுஎஸ்பி 3.0 இருக்கும் கணினிகளில் வேறொரு கணக்கு உண்டு. யுஎஸ்பி 3.0 சாதனங்களும் கம்பிகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சல் கிளப்புகின்றன என்று இன்டெல் 2012இல் வெளியிட்ட அறிக்கை காட்டியது. இரைச்சல் உயர்வு 20 டெசிபல் வரை. 20 டெசிபல் என்றால் 100 மடங்கு; தடையற்ற வெளியில், சிக்னல் எட்டும் தொலைவு பத்தில் ஒன்றாகச் சுருங்கும்.

எஞ்சியது உள் கார்டு. அதற்கு ஸ்லாட் எவ்வளவு தாங்கும் என்பது முதல் கேள்வி. பழைய பிசிஐ ஸ்லாட் 32 பிட், 33 மெகாஹெர்ட்ஸ். கொள்ளளவு 1,066 எம்பிபிஎஸ், அதுவும் எல்லா ஸ்லாட்டுக்கும் பொதுவில். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஒற்றைப் பாதை ஸ்லாட், 2003ஆம் ஆண்டின் முதல் தலைமுறையில் 2,000 எம்பிபிஎஸ். 2007இன் இரண்டாம் தலைமுறையில் 4,000. 2010இன் மூன்றாம் தலைமுறையில் ஏறத்தாழ 7,877. எதிர்ப் பக்கத்தில் வைஃபை. 1997இல் வந்த முதல் தரத்தின் உச்சம் 2 எம்பிபிஎஸ். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 1999இல் 11, 2003இல் 54. பிறகு ஆன்டெனாக்கள் கூடின. டெஸ்க்டாப் கார்டுகளில் வழக்கமான இரண்டு தாரைகளை (ஆன்டெனாவுக்கு ஒரு தரவோட்டம்) மட்டும் எடுத்தால் 2009இன் நான்காம் தலைமுறையில் 300, ஐந்தாம் தலைமுறையில் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 867, ஆறாம் தலைமுறையில் 160 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 2,402, 2024 ஜனவரியில் சான்றளிப்பு தொடங்கிய ஏழாம் தலைமுறையில் 320 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 5,764. இருபத்தேழு ஆண்டில் 2,882 மடங்கு. இரு வரிசைகளையும் பக்கத்தில் வைத்தால் எல்லைகள் தெரியும். வைஃபை 6இன் 2,402 முதல் தலைமுறை ஸ்லாட்டுக்குள் அடங்காது. வைஃபை 7இன் 5,764 என் போர்டின் 4,000க்குள் அடங்காது. எச்61 போர்டில் பொருளுள்ள உச்சம் வைஃபை 6.

கடைப் பெட்டியில் அச்சிடும் எண் இந்த வரிசையில் எங்கும் கிடைக்காது, அது கூட்டுத்தொகை. ஏசி1200 என்பது 2.4 கிகாஹெர்ட்ஸின் 300உம் 5 கிகாஹெர்ட்ஸின் 867உம் சேர்ந்த 1,167ஐ மேல்நோக்கி முழுமையாக்கியது. ஏஎக்ஸ்1800 என்பது 574 + 1,201 = 1,775. ஏஎக்ஸ்3000 என்பது 574 + 2,402 = 2,976. ஏசி600 என்பது 150 + 433 = 583. வைஃபை 6 வரையிலான கார்டு ஒரு நேரத்தில் ஒரு பட்டையில்தான் ரவுட்டரோடு பேசும். எனவே கூட்டல் அட்டைப் பெட்டிக்கு மட்டும் செல்லும். ஏஎக்ஸ்3000இல் 19 சதவீதம், ஏசி1200இல் 26 சதவீதம் பெட்டியோடு நின்றுவிடுகிறது.

இப்போது அந்த 1,180 ரூபாய். ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்201 இரண்டும் எம்.2 வடிவக் கார்டுகள். இரண்டும் 22 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் நீளம். அச்சிட்ட வேகமும் ஒன்றே: 2,402 எம்பிபிஎஸ். வேறுபாடு கடைசி இலக்கத்தில். 200இல் முடிவது தன்னிறைவான கார்டு. பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக எந்தக் கணினியோடும் பேசும். 201இல் முடிவது பாதிக் கார்டு. வானொலிப் பகுதி மட்டும் அதில் இருக்கிறது, மறுபாதி பத்தாம் தலைமுறை முதலான இன்டெல் கணினிகளின் சிப்செட்டுக்குள் இருக்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு சிஎன்விஐ என்று பெயர். ஏஎக்ஸ்210, ஏஎக்ஸ்211 ஜோடிக்கும் இதே வேறுபாடு. இரண்டாம் தலைமுறை ஐ3 வைத்திருக்கும் நான் 201ஐ வாங்கினேன். 200ஐவிட 236 ரூபாய் குறைவு என்பது காரணம். அடாப்டர் பலகையில் அச்சாகப் பொருந்தியது. கணினி அதைக் காணவே இல்லை. கடைக்காரர், பிரித்த சரக்கு திரும்ப எடுப்பதில்லை என்றார். 236 ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் 1,180 ரூபாய் போனது. சரியாக 5 மடங்கு. மொத்தச் செலவில் அதன் பங்கு 30.3 சதவீதம். இனி வரும் கணக்குகளில் அதை நீக்கி, 2,714 ரூபாயையே எடுக்கிறேன்.

பொருத்த ஆன நேரம் 40 நிமிடம். அதில் 15 நிமிடம் இரண்டு கனெக்டர்களுக்குப் போனது. பவர் கார்டைக் கழற்றி, பக்கத் தகட்டைத் திறந்து, 13 ஆண்டுத் தூசியைப் பெயின்ட் பிரஷால் தட்டி, ஸ்லாட்டுக்கு நேரான பின்தகட்டை நெம்பி எடுக்கும் வரை சிக்கல் இல்லை. ஸ்லாட்டில் 36 தொடுமுனைகள். பலகை ஒரே அழுத்தில் உட்கார்ந்தது. ஆன்டெனாக் கம்பியின் நுனியில் இருக்கும் வட்டக் கனெக்டரின் விட்டம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர், வெந்தயத்தைவிடச் சிறியது. கார்டின் குமிழ் மேல் நேராக வைத்து நகத்தால் அழுத்த வேண்டும். சரியாக உட்கார்ந்தால் மெல்லிய சொடுக்கு கேட்கும். எனக்கு மூன்றாவது முயற்சியில் ஒன்று, ஐந்தாவது முயற்சியில் மற்றது. மின்விசிறியை நிறுத்திய பிறகுதான் அந்தச் சொடுக்கே காதில் விழுந்தது. ப்ளூடூத் வேண்டுமானால் இன்னொரு கம்பி உண்டு: கார்டின் ப்ளூடூத் பகுதி பிசிஐ எக்ஸ்பிரஸில் ஓடுவதில்லை, யுஎஸ்பியில் ஓடுகிறது. பலகையிலிருந்து மதர்போர்டின் உள் யுஎஸ்பி முனைக்கு அதை இழுக்க வேண்டும். முனையில் 10 இடம், 9 ஊசி. விடுபட்ட ஓரிடம் திசை காட்டும். அந்தக் கம்பியை மறந்தால் வைஃபை வேலை செய்யும், ப்ளூடூத் செய்யாது.

கணினி எழுந்ததும் பார்த்த முதல் எண் மைனஸ் 71. சிக்னல் வலிமையின் அலகு டிபிஎம். 1 மில்லிவாட் என்பது 0 டிபிஎம். மைனஸ் 71 என்பது ஒரு மில்லிவாட்டில் 1 கோடியே 26 லட்சத்தில் ஒரு பங்கு. லினக்ஸ் இதை அப்படியே காட்டுகிறது. விண்டோஸ், மைனஸ் 100ஐ 0 சதவீதமாகவும் மைனஸ் 50ஐ 100 சதவீதமாகவும் வைத்து மாற்றிக் காட்டுகிறது. அதன்படி இது 58 சதவீதம். கேட்க மோசமில்லை. அதனால்தான் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள்.

71இன் வரவு செலவு இப்படி. ரவுட்டர் அனுப்புவது 100 மில்லிவாட், அதாவது 20 டிபிஎம் என்று கொள்வோம். இரு பக்க ஆன்டெனாக்களின் பெருக்கத்தையும் பூஜ்யமாகக் கொள்வோம். அலைவரிசை மையம் 5,210 மெகாஹெர்ட்ஸ். சுவரே இல்லாத வெளியில் 12 மீட்டருக்கு இழப்பு 68.4 டெசிபல். அப்படியானால் வந்து சேர வேண்டியது மைனஸ் 48.4. வந்தது மைனஸ் 71. இடையில் 22.6 டெசிபல், அதாவது 182 மடங்கு, காணாமல் போயிருக்கிறது. சுவர்கள் இரண்டு என்பது தெரியும். மூன்றாவதாக ஒன்றை நான் எண்ணவில்லை: ஆன்டெனாக்கள் கேபினெட்டின் பின்புறத்தில் திருகப்பட்டிருந்தன, கேபினெட் மேசைக்கு அடியில், ஆன்டெனாவுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் கேபினெட்டின் இரும்புத் தகடு முழுவதும். பக்கத்தில் ஒரு ஸ்டீல் பீரோ வேறு.

நான்காவது பில் இங்கே வருகிறது. 472 ரூபாய் மேசை ஆன்டெனாவை மாட்டி, 1 மீட்டர் கம்பியை இழுத்து, மேசை மேல் வைத்ததும் காட்டிய எண் மைனஸ் 60. விண்டோஸ் கணக்கில் 58இலிருந்து 80 சதவீதம். கிடைத்தது 11 டெசிபல். மில்லிவாட் கணக்கில் 12.6 மடங்கு. காணாமல் போன 22.6இல் 11 இரும்பும் மேசையும் பீரோவும் தின்றது. சுவர்கள் இரண்டும் சேர்ந்து தின்றது 11.6. ஒரு வீட்டில் ஓர் ஆள் எடுத்த அளவு இது. அடுத்த வீட்டில் எண்கள் மாறும். இரும்புக்குப் பின்னால் ஆன்டெனா வைத்தால் இழப்பு உண்டு என்பது மாறாது.

டெசிபலை வேகமாக மாற்ற, தரமே ஓர் அட்டவணை தருகிறது. வைஃபை 5இல் 10 படிகள், 0 முதல் 9 வரை. 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், ஒவ்வொரு படிக்கும் கார்டு தாங்க வேண்டிய குறைந்தபட்ச சிக்னல் விதிக்கப்பட்டிருக்கிறது. மைனஸ் 71க்கு உரியது 2ஆம் படி: இரண்டு தாரைகளில் 195 எம்பிபிஎஸ். மைனஸ் 60க்கு உரியது 5ஆம் படி: 520 எம்பிபிஎஸ். மைனஸ் 51 இருந்தால் 9ஆம் படி: 867. இவை விதியின் கீழ் வரம்புகள். நல்ல கார்டுகள் ஒரு படி மேலேயும் போகும். கீழ் வரம்பை வைத்துப் பார்த்தாலும் ஆன்டெனாவை இடம் மாற்றியதில் வேகம் 2.67 மடங்கு ஆனது. உயர்வு 167 சதவீதம்.

இதே இடத்தில் தலைமுறை மாற்றம் என்ன தந்திருக்கும்? என் ரவுட்டர் வைஃபை 5. அதை வைஃபை 6 ரவுட்டராக மாற்றி, ஆன்டெனாவைக் கேபினெட்டின் பின்னாலேயே விட்டிருந்தால், அதே 2ஆம் படியில் அதே 80 மெகாஹெர்ட்ஸில் 216.2 எம்பிபிஎஸ். 195இலிருந்து உயர்வு 10.9 சதவீதம். வைஃபை 6இன் பெரிய எண்கள் 10, 11ஆம் படிகளில் இருக்கின்றன. 80 மெகாஹெர்ட்ஸில் 11ஆம் படிக்குத் தேவை மைனஸ் 46, 160 மெகாஹெர்ட்ஸில் மைனஸ் 43. மேலே போட்ட கணக்கில் சுவரே இல்லாமல் 12 மீட்டருக்கு வந்தது மைனஸ் 48.4. அதாவது 2,402 என்ற எண்ணைப் பார்க்க வேண்டுமானால் கணினியும் ரவுட்டரும் ஒரே அறையில் இருக்க வேண்டும். ஒரே அறையில் இருந்தால் எதற்கு வைஃபை, 2 மீட்டர் கேபிள் போதாதா என்று கேட்கத் தோன்றுகிறது. என் மேசையில் இப்போது கிடைக்கும் 520, அந்த 2,402இல் 21.6 சதவீதம்.

இணைப்பு வேகம் முழுவதும் கோப்பாக வந்து சேராது. வைஃபையில் காத்திருப்பு, ஒப்புகை, தலைப்புகள் எல்லாம் போக ஏறத்தாழ 60 சதவீதம் மிஞ்சும் என்று கொள்கிறேன். 195க்கு 117 எம்பிபிஎஸ். 520க்கு 312 எம்பிபிஎஸ். வீட்டு இணையத் திட்டம் 100 எம்பிபிஎஸ். 117 என்பதே 100க்கு மேல். அப்படியானால் 472 ரூபாய் வீண் என்று வாதிடலாம். தனி ஆள் குடியிருக்கும் வீட்டில் அந்த வாதம் செல்லும். ஆனால் வைஃபை ஒரே காற்றைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு. ஒரு அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். 117 கொள்ளளவில் 100 எம்பிபிஎஸ் இறக்கினால் என் கணினி எடுத்துக்கொள்ளும் நேரம் 85.5 சதவீதம். டிவிக்கும் கைபேசிகளுக்கும் எஞ்சுவது 14.5 சதவீதம். 312 கொள்ளளவில் அதே 100 எம்பிபிஎஸ் இறக்க 32.1 சதவீத நேரம் போதும். மற்றவர்களுக்கு எஞ்சுவது 67.9 சதவீதம். பின் அறையில் மெதுவாக இணைந்த ஒரு கணினி, ஹாலில் ஓடும் சீரியலை நிறுத்தி நிறுத்திக் காட்டுவதன் கணக்கு இதுதான். வீட்டில் இதற்கு வேறு பெயர் வழங்கியது.

வீட்டுக்குள்ளேயே கோப்பு நகர்த்துபவர்களுக்கு வேறுபாடு நேராகத் தெரியும். ரவுட்டரோடு ஜிகாபிட் கம்பியில் இணைத்த வட்டுக்கு 40 ஜிகாபைட் புகைப்படங்களைப் பிரதி எடுக்க வேண்டும் என்று கொள்வோம். அது 3,20,000 மெகாபிட். 117 எம்பிபிஎஸ்ஸில் 45 நிமிடம் 35 விநாடி. 312இல் 17 நிமிடம் 6 விநாடி. ஓனர் சம்மதிக்காத அந்தக் கேபிளில் 5 நிமிடம் 37 விநாடி.

திட்டத்தை உயர்த்துபவர்களும் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். ஜியோ ஃபைபர் 2020 செப்டம்பரில் அமலாக்கிய மாதக் கட்டணங்கள், வரி நீங்கலாக: 30 எம்பிபிஎஸ் 399 ரூபாய், 100 எம்பிபிஎஸ் 699, 150 எம்பிபிஎஸ் 999, 300 எம்பிபிஎஸ் 1,499. ஒரு எம்பிபிஎஸ்ஸுக்கு முறையே 13.30, 6.99, 6.66, 5.00 ரூபாய். கட்டணம் ஏற ஏற அலகு விலை இறங்குவதால் 300க்குப் போகும் ஆசை வரும். 100இலிருந்து 300க்குப் போக வரியோடு மாதம் 944 ரூபாய் கூடுதல். 117 மட்டும் எட்டும் கணினியில் அந்தக் கூடுதல் 200இல் 183 வந்து சேராது. கார்டு, பலகை, மேசை ஆன்டெனா எல்லாம் சேர்ந்த 2,714 ரூபாய், அந்த மாதக் கூடுதலில் 2.9 மாதத்துக்குச் சமம். இந்தியாவில் அகலக்கற்றை என்று அழைக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் 2004இல் 256 கிலோபிட், 2013இல் 512 கிலோபிட், 2023 ஜனவரி முதல் 2 மெகாபிட். 1997இன் முதல் வைஃபை தரத்தின் உச்சமும் 2 மெகாபிட். அன்றைய கூரை இன்றைய தரை.

அலைக்கற்றையின் அளவும் கார்டுத் தேர்வைத் தீர்மானிக்கிறது. உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005இல் இந்தியா திறந்துவிட்ட 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ், ஒன்றோடொன்று மோதாத 20 மெகாஹெர்ட்ஸ் தடங்கள் அதில் 3. என் பின் அறையிலிருந்து அந்தப் பட்டையில் தெரியும் அண்டை வீட்டு வைஃபை பெயர்கள் 23, தடத்துக்கு 7.7. 2018 அக்டோபர் அறிவிக்கையில் 5 கிகாஹெர்ட்ஸில் திறக்கப்பட்டது 100 + 100 + 255 + 150 = 605 மெகாஹெர்ட்ஸ்; 7.2 மடங்கு அகலம். அதில் என் அறையில் தெரியும் பெயர்கள் 6. தொலைவு விஷயத்தில் 2.4க்கு ஒரு சலுகை உண்டு: அதே 12 மீட்டரில் இழப்பு 6.6 டெசிபல் குறைவு. 23 பெயர்களோடு பங்கிட்டுக்கொள்ளும் தடத்தில் அந்தச் சலுகை எவ்வளவு நேரம் நிற்கும் என்பது சந்தேகம். 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ள மலிவுக் கார்டை இந்தக் கணக்கு முடித்துவைக்கிறது.

மூன்றாவது பட்டை 6 கிகாஹெர்ட்ஸ். அமெரிக்கா 2020 ஏப்ரலில் 1,200 மெகாஹெர்ட்ஸைத் திறந்தது. இந்தியாவில் 2025 மே மாதம் வெளியான வரைவு விதிகள் 5,925 முதல் 6,425 வரை 500 மெகாஹெர்ட்ஸைக் குறிப்பிட்டன. அமெரிக்க அளவில் 41.7 சதவீதம். அதில் 160 மெகாஹெர்ட்ஸ் தடங்கள் 3, வைஃபை 7 கேட்கும் 320 மெகாஹெர்ட்ஸ் தடம் ஒன்றே ஒன்று. கட்டடத்துக்குள் வரைவு அனுமதித்த அதிகபட்சக் கதிர்வீச்சுத் திறன் 30 டிபிஎம், அதாவது 1 வாட். இந்தப் பட்டையைத் தொடும் ஏஎக்ஸ்210ஐ நான் வாங்காததற்குக் காரணம் வேறு. விண்டோஸில் 6 கிகாஹெர்ட்ஸ் வேலை செய்ய விண்டோஸ் 11 வேண்டும். விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் பட்டியல், இன்டெல் பக்கத்தில், எட்டாம் தலைமுறையிலிருந்து தொடங்குகிறது. என்னுடையது இரண்டாம் தலைமுறை. விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. நான் பிறகு லினக்ஸுக்கு மாறியதால் ஏஎக்ஸ்200க்குத் தேவைப்பட்டது 5.1 அல்லது அதற்குப் பிந்தைய கெர்னல். தனி டிரைவர் தேடல் 0 நிமிடம்.

மின்செலவு சிறியது. கார்டு சராசரியாக 2 வாட் இழுக்கும், கணினி நாளுக்கு 8 மணி நேரம் ஓடும் என்று கொண்டால் ஆண்டுக்கு 5.84 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் 46.72 ரூபாய். கார்டுச் செலவான 2,714ஐ 5 ஆண்டுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்கு 542.80, மாதத்துக்கு 45.23 ரூபாய். ஓராண்டு மின்சாரமும் ஒரு மாதத் தேய்மானமும் ஏறத்தாழ ஒரே தொகை. 2,714இல் மேசை ஆன்டெனாவின் பங்கு 17.4 சதவீதம். இணைப்பு 195இலிருந்து 520 ஆனதில் கூடிய 325 எம்பிபிஎஸ் முழுவதும் அந்த 17.4 சதவீதத்தால் வந்தது. மற்ற 82.6 சதவீதம் கேபினெட்டுக்குள் இருக்கிறது.

எச்61 போன்ற போர்டு வைத்திருப்பவர்களுக்கு என் முடிவு இவ்வளவு: சுவரில் துளை போட முடிந்தால் கேபிள். முடியாவிட்டால் இரண்டு தாரை, 5 கிகாஹெர்ட்ஸ் உள்ள உள் கார்டு. வைஃபை 5 போதும், விலை நெருக்கமாக இருந்தால் வைஃபை 6. ஆன்டெனாவுக்கு 1 மீட்டர் கம்பி கட்டாயம். இன்டெல் ஏஎக்ஸ் வரிசையில் தனி எம்.2 கார்டாக வாங்குவதானால், கடையில் பெட்டியைப் பிரிக்கும் முன் மாடல் எண்ணின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். 0 என்றால் வாங்கலாம். 1 என்றால், அந்த மாடலில் ஒன்று என் மேசை டிராயரில் ஏற்கெனவே இருக்கிறது, பில்லோடு.